பிள்ளையை டே கேரில் விடும் முன்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆறு மாதக் கைக்குழந்தையிலிருந்து எல்.கே.ஜி. வயது வரை, பிள்ளையை எங்கே விடுவது என்று தேடும் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகள் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இருக்கின்றன. பதில்கள் தமிழ்நாட்டு நகரங்களில் நடக்கும் டே கேர், ப்ளே ஸ்கூல், அங்கன்வாடிகளை மனதில் வைத்து எழுதியவை.

டே கேர், க்ரெஷ், ப்ளே ஸ்கூல், அங்கன்வாடி எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. டே கேர், க்ரெஷ் இரண்டும் ஒன்று: பெற்றோர் வேலைக்குப் போகும் நேரம் முழுக்கப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் இடம். சாப்பாடு, தூக்கம், கழிப்பறை எல்லாம் அங்கேயேதான். ப்ளே ஸ்கூல் என்பது காலையில் மூன்று மணி நேரம் போல நடப்பது. அங்கன்வாடி அரசுடையது, 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் கீழ் வருகிறது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 54 ஆயிரம் மையங்கள் இருக்கின்றன.

இதில் கவனிக்க வேண்டியது ‘ப்ளே ஸ்கூல் & டே கேர்’ என்று ஒரே பலகையில் இருக்கும் இடங்களை. காலையில் படித்த மிஸ் இருப்பார். பன்னிரண்டரைக்கு அவர் வீட்டுக்குப் போய்விடுவார். அதன்பிறகு மாலை ஆறு வரை பிள்ளை இருப்பது ஆயாவிடம்தான். நாளின் பெரும்பகுதி அது. சேர்க்கைக்குப் பேசுபவர் காலை நேரத்தைத்தான் காட்டுவார். மதிய நேரத்தை நீங்கள்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு விஷயம்தான் பார்க்க முடியும்னா எதைப் பார்க்கறது?

பெரியவர்கள் பிள்ளைக்கு எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்பதை. ஒன்றரை வயதுக் குழந்தை ஜன்னல் பக்கம் கை நீட்டி “கா... கா...” என்கிறது. நல்ல பராமரிப்பாளர் உட்கார்ந்து, அது காட்டிய பக்கம் பார்த்து, “ஆமா, காக்கா! எங்க உக்காந்திருக்கு?” என்று கேட்டுவிட்டு, அது மறுபடி வாயைத் திறக்கும்வரை காத்திருப்பார். பேச்சு, நினைவாற்றல், நம்பிக்கை எல்லாம் வளர்வது ஒரு நாளில் நூறு முறை நடக்கும் இந்தச் சின்னக் கொடுக்கல் வாங்கலில்தான். “சரி சரி, உக்காரு” என்று தோளைப் பிடித்து அழுத்தினால் அந்த நூறும் போய்விட்டது.

பதினைந்து நிமிடம் ஓரமாக உட்கார்ந்தால் போதும், தெரிந்துவிடும். பெரியவர்களின் முகம் பிள்ளையின் முகத்துக்கு நேராக எத்தனை முறை வருகிறது? பிள்ளைகளின் பெயர் எதற்காகக் கூப்பிடப்படுகிறது, கண்டிப்பதற்கு மட்டுமா? அழும் குழந்தையிடம் யாராவது போகிறார்களா? சுவரில் ஒட்டிய மிக்கி மவுஸையும் வாசலில் வைத்த சறுக்குமரத்தையும் இதற்கெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எத்தனை குழந்தைக்கு ஒரு ஆள் இருக்கணும்?

நம் ஊர் அரசு வழிகாட்டுதல்கள் இரண்டு. மகப்பேறு நலச் சட்டத்தின் கீழ் 2018-இல் வந்த க்ரெஷ் வழிகாட்டுதல், மூன்று வயதுக்குக் கீழ் 10 குழந்தைக்கு ஒருவர், மூன்றிலிருந்து ஆறு வயதுக்கு 20 குழந்தைக்கு ஒருவர், கூட ஒரு உதவியாளர் என்கிறது. தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தனியார் ப்ளே ஸ்கூலுக்குச் சொல்வது: 20 குழந்தைக்கு ஓர் ஆசிரியர், ஒரு பராமரிப்பாளர். இவை இதற்குக் கீழே போகக்கூடாது என்ற எல்லைதான். இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குக் கீழ் மூன்று குழந்தைக்கு ஒருவர் என்பது சட்டம். இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு ஐந்துக்கு ஒருவர், அதுவும் 2023 வரை நான்காக இருந்தது.

கைக்குழந்தை விஷயத்தில் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒன்பது மணி நேரத்தில் ஒரு கைக்குழந்தைக்கு மூன்று நான்கு முறை பால் அல்லது கூழ், ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம். டயபர் ஐந்து முறை, தலா ஆறு நிமிடம். இரண்டு முறை தூங்க வைக்க அரை மணி. ஆக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, இதில் தூக்கி வைத்துக் கொஞ்சிய நேரம் சேரவில்லை. நான்கு குழந்தைக்கே ஒன்பது மணி நேரம் நிறைந்துவிடும். ஒருவரிடம் ஏழெட்டுக் குழந்தை இருந்தால், அவர் எவ்வளவு நல்லவரானாலும் பாட்டிலைத் தலையணையில் சாய்த்து வைக்காமல் சமாளிக்க முடியாது. எங்கள் பரிந்துரை: ஒரு வயதுக்குக் கீழ் நான்குக்கு ஒருவர், ஒன்று முதல் இரண்டு வயதுக்கு ஐந்து, இரண்டு முதல் மூன்றுக்கு ஏழு எட்டு, அதற்கு மேல் பத்துப் பன்னிரண்டு.

அவங்க “எங்க ரேஷியோ நல்லா இருக்கு”ன்னு சொல்றாங்க. நம்பலாமா?

எதைச் சேர்த்துக் கணக்குச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். சமையல்காரர், டிரைவர், முன்மேசையில் உட்கார்ந்து போன் எடுப்பவர், உரிமையாளர் எல்லாரையும் கூட்டி மொத்தப் பிள்ளைகளால் வகுத்தால் எந்த இடத்திலும் நல்ல எண் வரும். கேள்வியை இப்படிக் கேளுங்கள்: “இந்த அறையில், இந்த நிமிஷம், யார் யார்?” அதையே மதியம் ஒன்றரைக்கும் மாலை ஐந்தரைக்கும் கேளுங்கள். ஆயாக்கள் சாப்பிடும் நேரமும், பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பிய நேரமும்தான் ஆள் குறையும் நேரம். விழுதல், கடித்தல், காணாமல் போதல் எல்லாம் அப்போதுதான் அதிகம் நடக்கும்.

குழுவின் அளவும் முக்கியம். ஒரே ஹாலில் மூன்று ஆட்களும் முப்பது குழந்தைகளும் இருப்பதும், மூன்று அறைகளில் பத்துப் பத்தாக இருப்பதும் தாளில் ஒரே கணக்குதான். ஆனால் முப்பது பேர் சத்தத்தில் சின்னக் குழந்தை மிரண்டுபோகும்; யாருக்கு யார் பொறுப்பு என்பதும் குழம்பிவிடும்.

டீச்சருக்கு என்ன படிப்பு இருக்கணும்?

மாண்டிசோரி, நர்சரி ஆசிரியர் பயிற்சி, மழலையர் கல்விப் பட்டயம் ஏதாவது ஒன்று இருந்தால் நல்லது. பி.எட். மட்டும் படித்தவர் பெரிய வகுப்புகளுக்குத் தயாரானவர். இரண்டு வயதுப் பிள்ளையைக் கையாளத் தனிப் பயிற்சி வேண்டும். எல்லாருக்கும் கட்டாயம் வேண்டியது முதலுதவிப் பயிற்சி, அதுவும் ஆயா உட்பட.

சான்றிதழைவிடப் பெரிய கேள்வி: “இந்த அறையில் இருக்கறவங்க எவ்வளவு காலமா இங்க இருக்காங்க?” ஒரு குழந்தைக்கு ஒருவரிடம் ஒட்டிக்கொள்ள வாரக்கணக்கில் ஆகும். மூன்று மாதத்துக்கு ஓர் ஆயா மாறினால் அது ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. ஆட்கள் நிற்காத இடத்தில் பெரும்பாலும் சம்பளம் குறைவாக இருக்கும், அல்லது ஒருவர் தலையில் அளவுக்கு மீறிய பிள்ளைகள். ஆயாவுக்கு வார விடுமுறை உண்டா, அவர் லீவு போட்டால் பதிலுக்கு யார் என்றும் கேட்டுவிடுங்கள்.

இடம் எவ்வளவு இருக்கணும்? ஏசி ரூம் அவசியமா?

மேலே சொன்ன க்ரெஷ் வழிகாட்டுதல் ஒரு குழந்தைக்கு 10 முதல் 12 சதுர அடி என்கிறது. படுத்துத் தூங்க அது போதும். ஓடி விளையாடப் போதாது. இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குக் கீழ் ஒரு குழந்தைக்கு 3.5 சதுர மீட்டர், அதாவது சுமார் 38 சதுர அடி. 25 சதுர அடிக்குக் குறைந்தாலே இடித்துக்கொள்வதும் சண்டையும் கூடும். சாமான் வைத்த இடத்தைக் கழித்து, நடமாடும் தரையை மட்டும் அளக்க வேண்டும்.

ஏசி கட்டாயமில்லை. எதிரெதிர் ஜன்னல், ஓடும் மின்விசிறி, கொசுவலை அடித்த கம்பி, நல்ல வெளிச்சம் போதும். ஜன்னலே திறக்காத ஏசி அறையில் பதினைந்து குழந்தைகள் இருந்தால் ஒருவருக்கு வந்த சளி எல்லாருக்கும் வரும். சித்திரை, வைகாசியில் ஏசி போட்டாலும் காலையில் அரை மணியும் மதியத் தூக்கத்துக்குப் பிறகு அரை மணியும் ஜன்னலைத் திறந்துவிட வேண்டும். வெளியில் ஓட மண்தரை கொஞ்சமாவது இருக்கட்டும்: ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்கு 180 நிமிடம் உடல் அசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. மாடி அப்பார்ட்மெண்டில் இது எங்கே நடக்கிறது என்று கேளுங்கள்.

பாதுகாப்புன்னா கேட், வாட்ச்மேன் தவிர வேற என்ன பார்க்கணும்?

முதலில் தண்ணீர். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. குழந்தை கழிவுநீர்த் தொட்டியில் விழுந்து இறந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் மதுரையில் ஒரு மழலையர் பள்ளியில் நான்கு வயதுக் குழந்தை தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்தது. இந்த இரண்டையும் தெரிந்துகொண்ட பிறகு தொட்டி மூடியைப் பார்க்காமல் எந்த இடத்திலும் பணம் கட்டாதீர்கள். சம்ப் எங்கே, செப்டிக் டேங்க் எங்கே என்று கேட்டு, போய் நில்லுங்கள். துருப்பிடித்த தகரம், பலகை, கல் தூக்கி வைத்த மூடி எதுவும் ஆகாது. பெரியவர் ஏறி நின்றாலும் அசையாத கான்கிரீட் அல்லது கனமான இரும்பு மூடி, அதற்குப் பூட்டு, சுற்றி வேலி. குளியலறையில் நிரம்பிய வாளி நிற்கக்கூடாது. தவழும் குழந்தை தலைகீழாக விழுந்தால் அரை வாளித் தண்ணீரே போதும். அதன் தலை கனம், திரும்பி எழ முடியாது.

அடுத்தது தீ. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பலிகொண்ட தீ, சமையலிடத்தில் பிடித்து கூரையில் பரவியது. வகுப்புக்கு மேலே கீற்று, பிளாஸ்டிக் பந்தல் எதுவும் கூடாது. சிலிண்டர் பிள்ளைகள் இருக்கும் அறையோடு ஒட்டி இருக்கக்கூடாது. வெளியேற இரண்டு வழி வேண்டும், இரண்டும் பகலில் பூட்டாமல். ஜன்னல் கம்பியில் திறக்கும் கதவு ஒன்று. தீயணைப்பானில் கடைசியாகச் சோதித்த தேதி ஒட்டியிருக்கும், படியுங்கள். நடக்கத் தெரியாத குழந்தைகளை யார் தூக்கிக்கொண்டு ஓடுவது என்று பெயர் சொல்லி ஒதுக்கியிருக்கிறார்களா என்பது இதில் கடினமான கேள்வி. “எல்லாரும் சேர்ந்து தூக்குவோம்” என்றால் திட்டமே இல்லை என்று அர்த்தம்.

மூன்றாவது ஒப்படைப்பு. யார் வந்து அழைத்துப் போகலாம் என்ற பட்டியல் புகைப்படத்தோடு இருக்க வேண்டும். “மாமா வந்திருக்கேன்” என்றால் அனுப்பக்கூடாது. வேனில் ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ண வேண்டும், கடைசி இருக்கை வரை நடந்து பார்க்க வேண்டும். சொல்லாமல் பிள்ளை வராவிட்டால் அரை மணிக்குள் வீட்டுக்கு போன் வர வேண்டும். பிள்ளை வண்டியிலேயே மறந்துபோகும் விபத்தைத் தடுப்பது அந்த ஒரு போன்தான்.

சிசிடிவி இருக்கு, போன்ல லைவா பார்க்கலாம்னு சொல்றாங்க. அது போதாதா?

கேமரா நடந்ததைப் பதிவு செய்யும்; தடுக்காது. கழிப்பறை வாசல், டயபர் மாற்றும் மூலை, ஸ்டோர் ரூம் போன்ற மறைவிடங்களில் அது இருக்காது, இருக்கவும் கூடாது. அங்கே வேண்டியது வேறு: பாதிக் கதவு, கண்ணாடி வைத்த கதவு, ஒருவர் தனியாகப் பிள்ளையோடு மூடிய அறையில் இருக்கக்கூடாது என்ற விதி.

லைவ் ஒளிபரப்பில் இன்னொரு சிக்கல்: உங்கள் பிள்ளையை மற்ற எல்லாப் பெற்றோரும் அவர்கள் வீட்டாரும் பார்க்கிறார்கள். பதிவு 30 நாளாவது சேமிக்கப்படுகிறதா, தேவைப்பட்டால் காட்டுவார்களா என்று கேட்பது லைவ் இணைப்பைவிடப் பயனுள்ளது. பெற்றோர் முன்னறிவிப்பில்லாமல் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்ற அனுமதி, எந்தக் கேமராவையும்விட மேல்.

சாப்பாட்டு விஷயத்துல என்ன கேக்கணும்?

என்ன போடுகிறார்கள் என்பதோடு எப்படி ஊட்டுகிறார்கள் என்பதையும். மூச்சடைப்பு முதல் ஆபத்து. முழு திராட்சை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை, பாப்கார்ன், முறுக்கு, கெட்டி மிட்டாய், விதை எடுக்காத சப்போட்டா, சீத்தாப்பழம் ஆகியவை சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது. முழுக் கடலை வகைகள் ஐந்து வயது வரை வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காகக் கீற வேண்டும். குறுக்கே வெட்டினால் வட்டம் வட்டமாகவே இருந்து அடைக்கும். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. ஓடிக்கொண்டோ, படுத்தோ, சிரிப்பு மூட்டிக்கொண்டோ சாப்பிட வைக்கக்கூடாது.

அடைத்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று ஆயாவிடமே கேளுங்கள். சரியான பதில்: இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுவோம். சத்தமே வராவிட்டால், ஒரு வயதுக்குக் கீழ் குப்புறத் தலைதாழ்த்திப் பிடித்து முதுகில் ஐந்து தட்டு, பிறகு மல்லாத்தி நெஞ்சில் ஐந்து அழுத்தல். ஒரு வயதுக்கு மேல் முதுகில் ஐந்து தட்டு, வயிற்றில் ஐந்து அழுத்தல். மாறி மாறிச் செய்துகொண்டே ஒருவர் 108-ஐக் கூப்பிட வேண்டும். “விரல் விட்டு எடுப்போம்” என்றால் கண்ணுக்குத் தெரியாத பொருளை இன்னும் உள்ளே தள்ளுவார்கள்.

டிவி போட்டு வாயைத் திறக்க வைப்பது, மூக்கைப் பிடித்து ஊட்டுவது, “சாப்பிடலைன்னா அம்மா வரமாட்டாங்க” என்று மிரட்டுவது மூன்றும் நல்ல இடத்தில் நடக்காது. இரண்டு வயதுக்குக் கீழ் திரையே வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எவ்வளவு சாப்பிட்டது என்று நோட்டில் எழுதி அனுப்பினால் போதும். டப்பா காலியாகத் திரும்பி வர வேண்டும் என்று பெற்றோரும் வற்புறுத்தாமல் இருந்தால் ஆயாவுக்கும் நிம்மதி.

தாய்ப்பாலை எடுத்துக் கொடுத்தா வெச்சுக் கொடுப்பாங்களா?

நல்ல இடம் கொடுக்கும். ஒவ்வொரு பாட்டிலிலும் பெயர், எடுத்த தேதி, நேரம் எழுதுங்கள். ஐஸ் வைத்த பையில் கொண்டுபோய் நேராக ஃபிரிட்ஜுக்குள், கதவுத் தட்டில் இல்லாமல் உட்பக்கமாக. ஃபிரிட்ஜில் நான்கு நாள் வரை தாங்கும். வெளியே நான்கு மணி நேரம் என்பது 25 டிகிரி அறைக்கான கணக்கு, நம் வெயிலில் அதை நம்பாதீர்கள். வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்திச் சூடாக்க வேண்டும், மைக்ரோவேவ் கூடாது; நடுவில் மட்டும் கொதித்து நாக்கைச் சுட்டுவிடும். குடித்து மீந்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது.

உங்கள் நிறுவனத்தில் 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்தால், சட்டப்படி க்ரெஷ் வசதி தர வேண்டும். தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம். கேட்டு வாங்குங்கள்.

மத்தியானம் எல்லாரையும் கட்டாயமா தூங்க வைக்கறாங்களே?

படுத்து ஓய்வெடுக்கச் சொல்வது சரி. தூங்கியே ஆக வேண்டும் என்று கண்ணை மூட வைப்பது தவறு. தூக்கம் வராத பிள்ளைக்கு மூலையில் படப் புத்தகம் கொடுக்கலாம். ஒரு வயதுக்குக் கீழ் மல்லாந்துதான் படுக்க வைக்க வேண்டும், கெட்டியான சமதள மெத்தையில். தலையணை, தடித்த போர்வை, பொம்மை எதுவும் பக்கத்தில் வேண்டாம். தூளியில் போடுவார்களா என்று சிலர் கேட்பார்கள்: முகம் மடங்கி மூச்சுத் திணறும் வாய்ப்பு உண்டு, பலர் இருக்கும் இடத்தில் ஒவ்வொரு தூளியையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தொட்டிலோ தரைமெத்தையோ போதும்.

எந்தப் பிள்ளையாவது மதியம் அளவுக்கு மீறி நாலு மணி நேரம் தூங்கிக் கிறங்கி எழுந்தால் உடனே காரணம் கேளுங்கள். தூக்கம் வரவைக்கும் இருமல் சிரப் கொடுக்கும் கொடுமை சில இடங்களில் நடக்கிறது. எழுத்து மூலம் நீங்கள் தராத எந்த மருந்தையும் அவர்கள் கொடுக்கக்கூடாது.

டயபர் எப்போ மாத்துவாங்க? டாய்லெட் பழக்கிவிடுவாங்களா?

மலம் கழித்தால் உடனே, மற்றபடி இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. மாற்றும் மேடை சாப்பாட்டு மேசையிலிருந்து தள்ளி, கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு கை எப்போதும் குழந்தை மேல். முன்னிருந்து பின்னாகத் துடைத்து, மூடியுள்ள தொட்டியில் போட்டு, குழந்தையின் கையையும் கழுவி, மேடையைச் சோப்பால் துடைத்துக் கிருமிநாசினி போட்டு, கடைசியில் தன் கையை 20 வினாடி கழுவ வேண்டும். கடைசி இரண்டு படிகளைத்தான் அவசரத்தில் விடுவார்கள். வயிற்றுப்போக்கு ஒருவரிடமிருந்து வரிசையாகப் பரவுவது அதனால்தான்.

கழிப்பறைப் பழக்கம் பெரும்பாலும் இரண்டு, மூன்று வயதுக்குள் வரும். இரண்டு மணி நேரம் நனையாமல் இருப்பது, வரப்போவதை முகத்திலோ சொல்லிலோ காட்டுவது, ஜட்டியைத் தானே இறக்குவது மூன்றும் தெரிந்தால் தொடங்கலாம். “டயபர் போட்டா சேர்க்க மாட்டோம்” என்று இரண்டு வயதில் சொல்லும் இடம் தன் வசதியைத்தான் பார்க்கிறது.

சேர்த்த நாள்லேர்ந்து சளி, காய்ச்சல். இடம் சுத்தமில்லையா?

அப்படி இல்லை. கூட்டத்துக்குள் முதல்முறை வரும் குழந்தைக்கு முதல் ஆறேழு மாதம் அடிக்கடி சளி பிடிப்பது வழக்கம். இடத்தின் தரம் தெரிவது, உடம்பு சரியில்லாத பிள்ளையை அவர்கள் எப்போது உள்ளே விடுகிறார்கள் என்பதில். மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருக்க வேண்டும். அம்மை என்றால் எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு தட்டும்வரை வீடு. வயிற்றுப்போக்கு நின்று ஒரு நாளாவது கழிய வேண்டும். மெட்ராஸ் ஐ, கை-கால்-வாய் நோய் வந்தால் மற்றப் பெற்றோருக்கும், பெயர் சொல்லாமல், அன்றே தகவல் போக வேண்டும். பேன் இருந்தால் திருப்பி அனுப்பத் தேவையில்லை. வீட்டில் சிகிச்சை தொடங்கினால் போதும்.

பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை இறக்கி ஒன்பது மணிக்கு விட்டுப் போகும் பெற்றோரின் நெருக்கடி புரிகிறது. பதினோரு மணிக்கு அது ஏறும்போது கஷ்டப்படுவது உங்கள் பிள்ளையும் பக்கத்தில் படுத்திருக்கும் கைக்குழந்தையும்தான்.

விட்டுட்டுக் கிளம்பினா கதறி அழறான். கொஞ்ச நாள்ல சரியாகுமா?

பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகும், ஒழுங்காகப் பழக்கினால். எட்டு மாதம் முதல் ஒன்றரை வயது வரை பிரிவுப் பயம் உச்சத்தில் இருக்கும். அந்த வயதில் சேர்த்தால் கூடுதல் நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் நீங்களும் கூட இருந்து ஒரு மணி நேரம். இரண்டாம் நாளும் அப்படியே, ஆனால் ஊட்டுவது, டயபர் மாற்றுவதைப் பராமரிப்பாளர் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில். மூன்றாம் நாள் சொல்லிவிட்டு 15 நிமிடம் வெளியே போய் வாருங்கள். பிறகு ஒரு மணி, சாப்பாடு வரை, தூக்கம் வரை என்று நீட்டுங்கள். அம்மாவின் பழைய துப்பட்டாவோ புடவைத் துண்டோ கையில் இருந்தால் மதியத் தூக்கத்துக்கு உதவும்.

விளையாடும்போது நழுவிப் போய்விடாதீர்கள். அன்றைக்கு அழாமல் இருக்கும். மறுநாள் முதல், கண்ணை எடுத்தால் அம்மா மறைந்துவிடுவாள் என்று பிள்ளை இடுப்பை விட்டே இறங்காது. “சாயங்காலம் பால் குடிச்சதும் அம்மா வருவேன்” என்று சொல்லி, முத்தம் கொடுத்து, கிளம்பிவிடுங்கள். திரும்பி வந்து எட்டிப் பார்க்க வேண்டாம். கிளம்பிய கால் மணிக்குப் பிறகு போன் செய்து கேளுங்கள். “முதல் நாளிலிருந்தே கேட்டில் விட்டுட்டுப் போங்க, நாங்க பாத்துக்கறோம்” என்று சொல்லும் இடத்துக்கு இந்த வயதைப் பற்றித் தெரியவில்லை.

மூணு வயசாகுது, இன்னும் ஏபிசிடி எழுத வைக்கலை. பக்கத்து ஸ்கூல்ல நோட்டே நிரம்பிடுச்சு!

நோட்டு நிரம்பாத இடம்தான் சரி. மூன்று வயதில் மணிக்கட்டுச் சின்ன எலும்புகள் எல்லாமே உருவாகியிருக்காது. பென்சிலைப் பிடித்துச் சின்னக் கோட்டுக்குள் எழுதும் கட்டுப்பாடு அதற்குக் கிடையாது. அது பெரிய தாளில் கிறுக்கட்டும், சப்பாத்தி மாவு பிசையட்டும், தரையில் சாக்பீஸால் புள்ளிக்கோலம் போடட்டும், துணிக் கிளிப் மாட்டட்டும். இவை விரலுக்குத் தரும் பலத்தில்தான் ஐந்து வயதில் எழுத்து வரும். நான்கு வயதுக்கு மேல் புளியங்கொட்டை எண்ணலாம், அதற்கு முன் மேலே சொன்ன மூச்சடைப்பு ஆபத்து இருக்கிறது.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம் இப்சிலாண்டியில் 1962 முதல் 1967 வரை 123 ஏழைக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 58 பேருக்கு நல்ல மழலையர் பள்ளி கிடைத்தது, 65 பேருக்குக் கிடைக்கவில்லை. அறிவுத்திறன் எண்ணில் வந்த முன்னேற்றம் சில ஆண்டுகளில் கரைந்துவிட்டது. ஆனால் நாற்பது வயதில் பார்த்தபோது முதல் குழுவினர் அதிகம் சம்பாதித்தார்கள், வழக்குகளில் குறைவாகச் சிக்கியிருந்தார்கள். அங்கே பிள்ளைகள் தாங்களே திட்டமிட்டு விளையாடினார்கள். ஐந்தாறு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர். வாரம் ஒருமுறை ஆசிரியர் வீட்டுக்கே போனார். நோட்டு நிரப்பிய பள்ளி இல்லை அது.

வீட்டுல தமிழ். அங்க இங்கிலீஷ்லயே பேசணும்னு ரூல். நல்லதுதானே?

பிள்ளைக்கு வயிறு வலிக்கிறது, பயமாக இருக்கிறது, சுச்சூ வருகிறது என்று சொல்லத் தெரிந்த ஒரே மொழி தமிழ் என்றால், அந்த ரூல் அதன் வாயை அடைக்கிறது. இரண்டாவது கேள்விக்குச் சொன்ன கொடுக்கல் வாங்கலும் நின்றுபோகும். மிஸ்ஸின் ஆங்கிலம் “சிட் டவுன், கீப் கொய்ட்” அளவில் இருந்தால் பிள்ளைக்கு இரண்டு மொழியும் வராது. வீட்டு மொழியில் நிறையப் பேச்சு, கதை, பாட்டு. அதோடு ஆங்கிலப் பாட்டும் கொஞ்சம் இருந்தால் இரண்டுமே வளரும்.

“மாண்டிசோரி”ன்னு போர்டு போட்டிருக்காங்க. உண்மையானு எப்படித் தெரிஞ்சுக்கறது?

அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், தடை கிடையாது. 1907-இல் ரோமில் முதல் பள்ளியைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். அதனால் நம் ஊரில் முறையாகப் பயின்றவர்களின் வரிசை உண்டு. உண்மையான இடத்தில் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பார்கள். காலையில் இரண்டரை மூன்று மணி நேரம் மணியடித்துக் கலைக்காமல் அவரவர் எடுத்த வேலையைச் செய்வார்கள். சாமான்கள் கைக்கெட்டும் அலமாரியில் இருக்கும். அதே சாமான் கண்ணாடி அலமாரியில் பூட்டியிருந்து, நாற்பது நிமிடப் பீரியட் நடந்தால் பலகை மட்டும்தான் மாண்டிசோரி.

என் பொண்ணை ஒரு பையன் கடிச்சுட்டான். யாருன்னு சொல்ல மாட்டேங்கறாங்க!

சொல்லாதது சரியான நடைமுறை. ஒன்று முதல் இரண்டரை வயது வரை கடித்தல் சகஜம்: பல் முளைக்கும் குடைச்சல், பேச்சு வராத எரிச்சல், இட நெருக்கடி, பசி. நீங்கள் கேட்க வேண்டியவை: எத்தனை மணிக்கு, எங்கே, அப்போது யார் இருந்தார், காயத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவினார்களா, இனி என்ன செய்யப்போகிறார்கள். தோல் கிழிந்திருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். கடிக்கும் பிள்ளையோடு சில நாள் ஒருவர் கூடவே இருப்பதும், ஒரே பொம்மையில் இரண்டு மூன்று வாங்கி வைப்பதும் பலன் தரும். “திருப்பிக் கடிச்சுக் காமிச்சோம்” என்று சொன்னால் பிள்ளையை அன்றே வெளியே எடுங்கள்.

அடிச்சிருப்பாங்களோன்னு சந்தேகமா இருக்கு. என்ன பண்றது?

விழுந்த காயம் பெரும்பாலும் நெற்றி, முழங்கால், தாடையில் இருக்கும். மேல்கை, காது, கன்னம், தொடையின் உட்புறம், முதுகு ஆகிய இடங்களில் தடம் இருந்தால் கேட்க வேண்டும். தேதி தெரியும்படி படம் எடுங்கள், டாக்டரிடம் காட்டி எழுதி வாங்குங்கள், சிசிடிவி பதிவைக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளையிடம் “மிஸ் அடிச்சாங்களா?” என்று கேட்காதீர்கள், தலையை ஆட்டிவிடும். “இங்க என்ன ஆச்சு?” என்று ஒருமுறை கேட்டுவிட்டு, சொல்வதைச் சொன்னபடி எழுதி வையுங்கள்.

பொறுப்பில் இருப்பவர் குழந்தையைக் கொடுமைப்படுத்துவது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் குற்றம். பாலியல் தொந்தரவு என்றால் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் புகார் கொடுத்தே ஆக வேண்டும். நிர்வாகம் மறைத்தால் அதுவும் குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ எப்போது கூப்பிட்டாலும் எடுப்பார்கள்.

அங்கன்வாடில விடலாமா? எல்லாரும் வேண்டாங்கறாங்க.

போய்ப் பார்த்து முடிவு செய்யுங்கள், கேட்டு முடிவு செய்யாதீர்கள். தமிழ், விளையாட்டு, பாட்டு, சூடான சாப்பாடு, முட்டை, எடை உயரம் பார்த்துப் பதிவது எல்லாம் அங்கே கட்டணமின்றி இருக்கிறது. பணியாளர் அதே தெருக்காரர், ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருப்பவர். இது பல தனியார் இடங்களில் கிடைக்காதது. குறைகளும் உண்டு: பணியாளருக்குப் பதிவேட்டு வேலையும் கணக்கெடுப்பு வேலையும் அதிகம், மாலை வரை வைத்துக்கொள்ள மாட்டார்கள், கட்டடம் இடத்துக்கு இடம் மாறும். இந்தத் திட்டத்துக்கு வித்திட்ட 1972-ஆம் ஆண்டு அறிக்கைக் குழுவுக்குத் தலைமை வகித்த மீனா சுவாமிநாதன் சென்னையில் பணியாற்றியவர், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தமிழ்நாட்டு மையங்களின் சூழலை மதிப்பிடவே தனி அளவுகோல் ஒன்றை உருவாக்கியது. தரம் என்றால் தனியார், கட்டணம் என்று நினைக்கத் தேவையில்லை.

ஒரு இடம் அழகா இருக்கு, ஆனா ஆயாங்க மாறிக்கிட்டே இருக்காங்க. இன்னொண்ணு பழைய வீடு, ஆனா அந்த அக்கா அஞ்சு வருஷமா இருக்காங்க. எது?

பழைய வீடு. ஆனால் முதலில் தொட்டி மூடி, இரண்டாவது வழி, சிலிண்டர் மூன்றையும் பாருங்கள். அவற்றைச் சரிசெய்ய அவர்கள் சம்மதித்து, சரிசெய்ததை நீங்கள் கண்ணால் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். முழு ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டித் தராமல் மாதம் மாதம் கட்ட முடியுமா, நிறுத்தினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுதி வாங்குங்கள். அந்த அக்கா லீவு போடும் நாளில் ஒருமுறை சொல்லாமல் போய், மதியம் ஒன்றரைக்கு உள்ளே எட்டிப் பாருங்கள்.